உயர்த்திய வண்டி ஏன் ஏறவில்லை: ஒரு ராக் கிராலரின் சஸ்பென்ஷன் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அரிசோனா மாநிலத்தில் பிரெஸ்காட் நகரை ஒட்டி, வாட்சன் ஏரிக்கரையில் கிரானைட் டெல்ஸ் என்ற பாறைப் பரப்பு உள்ளது. ஏறத்தாழ 140 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட், விரிசல்களில் நீர் புகுந்து மூலைகள் உதிர்ந்து, உருண்டை உருண்டையாகத் தேய்ந்து கிடக்கும் இடம் அது. ரேடியோ கட்டுப்பாட்டு ராக் கிராலர், அதாவது பாறைகளில் மெல்ல ஊர்ந்து ஏறும் சிறு மாதிரி வண்டி, ஓட்டுவோருக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது. பாறை சொரசொரப்பாக இருப்பதால் டயர் எளிதில் வழுக்காது; ஆகவே வண்டி ஏறாமல் நின்றால் பிடிமானத்தின் மீது பழி போட முடியாது, குறை பெரும்பாலும் வண்டியின் அமைப்பில்தான் இருக்கும்.

பீனிக்ஸிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பயணம் செய்து அங்கே மாதம் ஒருமுறை கூடும் சிறு குழு ஒன்றில் நானும் உண்டு. குழுவில் ஒருவர், தம் 13 வயது மகளுக்காக வாங்கிய 1/10 அளவுக் கிராலரை ஓர் அக்டோபர் காலையில் எங்களிடம் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒற்றைத் தண்டு ஆக்சில், 313 மில்லிமீட்டர் சக்கர இடைத்தொலைவு, 119 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர்கள் என்று, இந்தப் பொழுதுபோக்கில் பலரிடமும் இருக்கும் வகை வண்டிதான் அது. வாங்கிய நாளில் அதில் 90 மில்லிமீட்டர் ஷாக்குகள், அதாவது சக்கரங்களின் அசைவைத் தாங்கும் ஸ்பிரிங் பொருத்திய எண்ணெய் உருளைகள், இருந்தன. வண்டியின் வயிறு, அதாவது கியர்பாக்ஸுக்கு அடியிலுள்ள ஸ்கிட் பிளேட், தரையிலிருந்து 74 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது.

முதல் சில வாரங்களில் ஸ்கிட் பிளேட்டில் ஆழமான கீறல்கள் விழுந்ததைக் கண்ட தந்தை, தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், போதவில்லை என்று முடிவு செய்து, 110 மில்லிமீட்டர் ஷாக்குகளையும் அவற்றுக்கேற்ற கடினமான ஸ்பிரிங்குகளையும் பொருத்தினார். வயிறு 98 மில்லிமீட்டருக்கு உயர்ந்தது. அழகுக்காகக் கூரையில் சாமான் சட்டமும் மாற்றுச் சக்கரமும் ஏறின. அதன்பின் வண்டி கீறல் படாமல் இருந்தது. ஆனால் முன்பு ஏறிய பாறைகளிலும் ஏற மறுத்தது. சரிவில் குறுக்கே போகும்போது அடிக்கடி கவிழ்ந்தது. கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் ஊசி இருமுறை உடைந்தது. மகள் ஓட்டும் ஆர்வத்தை ஏறக்குறைய இழந்துவிட்ட நிலையில்தான் அவர் எங்களிடம் வந்தார்.

அவருடைய முடிவை அறியாமை என்று ஒதுக்க முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நிஜ ஜீப்புகளை உயர்த்துவோர் செய்வதைத்தான் அவரும் செய்தார். அடியில் கீறல் விழுகிறது என்றால் உயர்த்த வேண்டும் என்று எண்ணுவது யாருக்கும் இயல்பு.

முதல் நாள் கண்டவை

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்துவிடுவது என்று தீர்மானித்தோம். இரண்டு சமையலறைத் தராசுகள், ஓர் எஃகு அளவுகோல், கீல் பொருத்திய ஒரு பலகை, தொலைபேசியில் உள்ள கோணமானி ஆகியவை போதுமானவையாக இருந்தன.

வண்டியின் மொத்த எடை 3100 கிராம். முன் சக்கரங்களின் மீது 1480 கிராமும் பின் சக்கரங்களின் மீது 1620 கிராமும் இறங்கின. அதாவது பின்பக்கம் சற்றுக் கனம். கிராலருக்கு இது தலைகீழான பங்கீடு.

அடுத்து ஷாக்குகளைப் பார்த்தோம். ஷாக்கின் அசைவை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். வண்டி சமதரையில் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே எழக்கூடிய தூரத்தை மேலசைவு என்றும், கீழே தொங்கி இறங்கக்கூடிய தூரத்தைக் கீழசைவு என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். ஓட்டுவோர் பேச்சில் பின்னதற்கு ட்ரூப் என்று பெயர். இந்த ஷாக்கின் தண்டு மொத்தம் 38 மில்லிமீட்டர் அசையும். கடினமான ஸ்பிரிங் வண்டியின் எடைக்கு வெறும் 4 மில்லிமீட்டரே அமுங்கியிருந்தது. ஆகவே மேலசைவு 34, கீழசைவு 4.

மகள் வண்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, சக்கரம் கீழே இறங்கவே மாட்டேங்குதே" என்றாள். நாங்கள் அளவுகோலை வைத்துக் கண்டுபிடித்ததை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

இதன் பொருளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேகமாக ஓடும் பந்தயக் காருக்கு மேலசைவு முக்கியம். குதித்து விழும் அதிர்ச்சியை அது உள்வாங்க வேண்டும். கிராலர் நடை வேகத்தைவிட மெதுவாக ஊர்கிறது, அதிர்ச்சி என்பது அனேகமாக இல்லை. ஒரு சக்கரம் பாறை மீது ஏறும்போது மற்ற மூன்றும் தரையை விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. அதற்குப் பள்ளத்தில் இருக்கும் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட வேண்டும். 4 மில்லிமீட்டர் மட்டுமே இறங்கக்கூடிய சக்கரம் தேடாது, காற்றில் தொங்கும். எதிர்ப்பக்கம் 34 மில்லிமீட்டர் மேலசைவு இருந்தும், கடினமான ஸ்பிரிங்கை அமுக்க இந்த 3 கிலோ வண்டியின் எடை போதாததால் அதுவும் பெரும்பாலும் பயன்படவில்லை.

முன் சக்கரம் ஒன்றின் அடியில் மரப்பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். மற்ற டயர்களின் அடியில் காகிதத் துண்டுகளை வைத்து, எந்தக் காகிதம் முதலில் இழுத்தவுடன் தடையின்றி உருவி வருகிறதோ அப்போது அந்தச் சக்கரம் தரையை விட்டுவிட்டது என்று கொண்டோம். 61 மில்லிமீட்டர் உயரத்திலேயே பின் சக்கரம் ஒன்று விடுபட்டது.

இனி கிளியரன்ஸ். தந்தை எதிர்பாராத உண்மை இங்கேதான் இருந்தது. இத்தகைய ஆக்சில் சக்கரங்களோடு சேர்ந்தே மேலும் கீழும் போகிறது. அதன் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் கூடு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை டயரின் ஆரமும் கூட்டின் பருமனும் மட்டுமே தீர்மானிக்கின்றன. இந்த வண்டியில் அது 33 மில்லிமீட்டர். 90 மில்லிமீட்டர் ஷாக் இருந்தபோதும் 33, 110 மில்லிமீட்டர் ஷாக் போட்ட பிறகும் 33. வயிற்றை 24 மில்லிமீட்டர் உயர்த்தியும், வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட எழவில்லை.

கடைசியாக ஈர்ப்பு மையம். ஷாக்குகள் அசையாதபடி கட்டிவிட்டு, வண்டியை முதலில் முன் பம்பரிலிருந்தும் பிறகு கூரைச் சட்டத்திலிருந்தும் கயிற்றில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் படம் எடுத்தோம். இரண்டு படங்களிலும் கயிற்றின் கோட்டை நீட்டினால் அவை வெட்டும் இடமே ஈர்ப்பு மையம். தரையிலிருந்து அது சுமார் 105 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. சக்கரங்களின் பக்கவாட்டு இடைத்தொலைவில் பாதி 95 மில்லிமீட்டர். 95ஐ 105ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணைத் தொடுகோட்டு மதிப்பாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 42 பாகை. அசையாத கட்டையாக இருந்தால் வண்டி அந்தச் சாய்வில் கவிழும். பலகையில் வைத்துச் சாய்த்தபோது 37 பாகையிலேயே கவிழ்ந்தது. ஸ்பிரிங்கும் டயரும் சாயும் பக்கம் அமுங்குவதால் ஏற்படும் இழப்பு அந்த 5 பாகை.

ஓட்டச் சோதனைக்கு மூன்று தடங்களைத் தேர்ந்தெடுத்தோம்: சுமார் 150 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு படி, குறுக்குச் சரிவு ஒன்று, முதுகு வளைந்த ஓர் உருண்டைப் பாறை. ஒவ்வொன்றிலும் மகளே பத்து முறை ஓட்டினாள். படியில் 2, சரிவில் 3, உருண்டைப் பாறையில் 9 முறை வெற்றி. வெயில் ஏறினால் ரப்பரின் பிடி மாறும் என்பதால் எல்லாச் சோதனைகளையும் காலை 8 முதல் 10 மணிக்குள் முடித்தோம். கற்களை நகர்த்தவில்லை, பாறைப் பாசி படர்ந்த முகங்களைத் தவிர்த்தோம். அந்தப் பாசி ஒரு கையளவு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், ஒரு டயர் அதை ஒரு நொடியில் உரித்துவிடும்.

முதல் முடிவும் அதன் விளைவும்

குழுவில் நீண்ட அனுபவமுள்ள ஒருவர் ஸ்பிரிங்குகளை முற்றிலும் நீக்கிவிடலாம் என்றார். போட்டிக் கிராலர்களில் இது பழக்கமான உத்தி. வண்டி ஷாக்கின் அடிமட்டத்தில் உட்கார்ந்துவிடும். மேலசைவு பூஜ்யம், முழு அசைவும் கீழசைவு. செலவு ஏதும் இல்லை, பத்து நிமிட வேலை, பிடிக்காவிட்டால் திரும்பப் பொருத்திவிடலாம் என்ற காரணங்களால் நானும் அதை ஆதரித்தேன்.

அடுத்த மாதச் சோதனையில் படி 5, சரிவு 7 என்று உயர்ந்தன. பலகையில் கவிழும் கோணம் 44 பாகையானது. ஆனால் வயிறு 64 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டதால் உருண்டைப் பாறையில் வெற்றி 9லிருந்து 2 ஆகச் சரிந்தது. பாறையின் முதுகில் வயிறு குந்திக்கொள்ள, நான்கு சக்கரங்களும் பாரமில்லாமல் சுழன்றன. டயரின் வளைவைக் கணக்கில் கொள்ளாமல் வெறும் முக்கோணமாகப் பார்த்தால், இரு ஆக்சில்களுக்கு நடுவே வயிறு உரசாமல் கடக்கக்கூடிய முகட்டின் கோணம் 64 பாகையிலிருந்து 44 பாகையாகக் குறைந்துவிட்டது. தந்தை முதலில் அஞ்சியது வீண் அச்சமல்ல என்பதை நாங்கள் அப்போது ஒப்புக்கொண்டோம்.

இன்னொரு குறையும் வெளிப்பட்டது. விசையைக் கூட்டியவுடன் வண்டியின் உடல் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. வலது முன் சக்கரம் இலேசாகிப் பாறையை விட்டது. டிரைவ் ஷாஃப்டின் முறுக்குவிசை ஆக்சிலைத் தன் திசையிலும் சேசிஸை எதிர்த்திசையிலும் திருப்ப முயல்கிறது. கடினமான ஸ்பிரிங்குகள் அதை இதுவரை மறைத்திருந்தன.

இரண்டாம் முடிவு

இம்முறை அவசரப்படாமல், வயிற்றில் எந்த இடம் உண்மையில் பாறையைத் தொடுகிறது என்பதைக் கண்டறிய விரும்பினோம். ஸ்கிட் பிளேட், அதைப் பிடிக்கும் திருகுகள், ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் தண்டுகளான கீழ் லிங்குகள் ஆகிய எல்லாவற்றிலும் கரும்பலகைச் சுண்ணாம்பைப் பூசி, உருண்டைப் பாறை மீது ஐந்து முறை ஓட்டினோம். பிளேட்டின் சமதளப் பகுதியில் சுண்ணாம்பு ஆங்காங்கே மெலிதாகக் கலைந்திருந்தது. முழுவதும் துடைபட்ட இடங்கள் இரண்டு: 3 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்த திருகுத் தலைகள், பிளேட்டின் ஓரத்தில் கீழ் லிங்குகள் சேரும் முனைகள். வண்டியை நிறுத்தியது வயிற்றின் தாழ்வு மட்டுமன்று, வயிற்றில் இருந்த கொக்கிகளும்தான். இந்த ஆய்வில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்த கணம் இதுவே. ஒரு துண்டுச் சுண்ணாம்பு, மாதக்கணக்கான ஊகங்களுக்கு விடை சொன்னது.

பிறகு கீழ்க்காணும் மாற்றங்களைச் செய்தோம். மொத்தம் 35 மில்லிமீட்டர் அசையும் 100 மில்லிமீட்டர் ஷாக்குகளை மிருதுவான ஸ்பிரிங்குகளோடு பொருத்தினோம். வண்டி நிற்கும்போது தண்டு 20 மில்லிமீட்டர் உள்ளே அமுங்கியிருக்குமாறு ஸ்பிரிங்கை இறுக்கும் கழுத்து வளையங்களைச் சரிசெய்ததால் கீழசைவு 20, மேலசைவு 15 என்று அமைந்தன. ஷாக்குகளில் இருந்த 60 வெயிட் எண்ணெயை வடித்துவிட்டு, அதைவிட நீர்த்த 30 வெயிட் எண்ணெய் ஊற்றினோம். கெட்டியான எண்ணெயில் சக்கரம் பள்ளத்தைத் தேடி இறங்க நேரம் எடுத்துக்கொள்கிறது. வயிறு 72 மில்லிமீட்டரில் நின்றது, அதாவது கடையிலிருந்து வந்த நாளைவிட 2 மில்லிமீட்டர் தாழ்வு. திருகுகளுக்குப் பதில் தலை உள்ளே அமிழும் வகைத் திருகுகளைப் போட்டு, நடுவில் மேல்நோக்கி வளைந்த கீழ் லிங்குகளைப் பொருத்தினோம். டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து நின்ற செங்குத்தான கோணம் வயிறு தாழ்ந்ததால் தணிந்தது. அதன்பின் ஊசி உடையவில்லை.

எடைப் பங்கீட்டையும் அதே வேளையில் மாற்றினோம். கூரைச் சட்டத்தையும் மாற்றுச் சக்கரத்தையும் அகற்றியதில் 320 கிராம் குறைந்தது. பேட்டரி பின்பக்கத்திலிருந்து முன் ஆக்சிலுக்கு நேர் மேலே இடம் மாறியது. முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் நக்கிள்களைப் பித்தளையில் மாற்றியதில் 260 கிராம் கூடியது. அந்த எடை சக்கர மட்டத்தில் இருப்பதால் ஈர்ப்பு மையத்தை உயர்த்தாமல் தாழ்த்துகிறது. முடிவில் மொத்தம் 3040 கிராம், முன்னே 1830, பின்னே 1210. ஈர்ப்பு மையம் 76 மில்லிமீட்டருக்கு இறங்கியது.

முன்பாரம் ஏன் வேண்டும் என்பதற்குக் கணக்கு தெளிவாக இருக்கிறது. 40 பாகை ஏற்றத்தில் பழைய அமைப்பின் முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து பாறையை அழுத்திய பாரம் சுமார் 470 கிராம். புதிய அமைப்பில் அதே ஏற்றத்தில் அது சுமார் 920 கிராம். மொத்த எடை குறைந்திருந்தும் முன்பக்க அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வண்டி பின்னோக்கிக் கவிழும் கோணமும் கணக்குப்படி 55 பாகையிலிருந்து 68 பாகையாகிறது.

பின்னர் நடந்தவை

மூன்றாம் மாதச் சோதனையில் மரப்பலகை அடுக்கு 97 மில்லிமீட்டர் ஆகும்வரை எந்தச் சக்கரமும் தரையை விடவில்லை. பலகையில் கவிழும் கோணம் 47 பாகை. சரிவில் 9, உருண்டைப் பாறையில் 8. படியில் மட்டும் 6 என்றே நின்றது, எங்கள் எதிர்பார்ப்புக்குக் குறைவாக.

அதன் காரணத்தை அனுபவமுள்ள உறுப்பினர்தான் கண்டார். முன் சக்கரங்கள் படியில் கால் வைத்து வண்டி நிமிரும்போது பாரம் பின்னே போகிறது; முன் ஸ்பிரிங்குகள் விடுபட்டு நீண்டு, உடலை இன்னும் மேலே தள்ளுகின்றன. நாங்கள் விரும்பிச் சேர்த்த கீழசைவே செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கத்தை உயர்த்தி எதிராக வேலை செய்தது. முன் ஷாக்குகளைத் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே தண்டின் மீது 5 மில்லிமீட்டர் நீளச் சிலிக்கான் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினோம். அதனால் முன்பக்கக் கீழசைவு 15 ஆகக் குறைந்தது, பின்பக்கம் 20 ஆகவே இருந்தது. அன்றே மீண்டும் ஓட்டியதில் படியில் 8.

உடல் முறுக்கிக்கொள்ளும் குறையை ஒருபுறப் பின் ஷாக்கின் வளையத்தை 2 மில்லிமீட்டர் இறுக்கிப் பாதியளவு தணிக்க முடிந்தது. முழுவதும் போகவில்லை. போர்ட்டல் ஆக்சில் உள்ள வண்டிகளில் இது குறைவாக இருப்பதற்குக் காரணம், சக்கரத்தின் அருகிலேயே கூடுதல் பல்சக்கரக் குறைப்பு இருப்பதால் டிரைவ் ஷாஃப்ட் அதே விசைக்குக் குறைந்த முறுக்கைத் தாங்கினால் போதும் என்பதே. அவ்வமைப்பு ஆக்சில் கூட்டைச் சக்கர மையத்துக்கு மேலே தூக்கிவிடுவதால், ஷாக்கால் பெற முடியாத அந்த டிஃபரன்ஷியல் கிளியரன்ஸும் கிடைக்கிறது. யூனிமோக் லாரிகளில் பல பத்தாண்டுகளாக இருக்கும் இந்த முறை, 2017இல் வந்த டிராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4, 2020இல் வந்த ஆக்சியல் எஸ்.சி.எக்ஸ்10 III போன்ற மாதிரிகளின் வழியே 1/10 அளவில் பரவலாயிற்று.

மறுமுறை செய்வதானால்

இந்த எண்களை நம்பும் முன் வாசகர் எங்கள் பிழைகளையும் அறிய வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஷாக், எடைப் பங்கீடு, கூரைச் சுமை, ஸ்கிட் பிளேட் திருகு, லிங்க் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோம். ஆகவே சரிவில் கிடைத்த முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு ஷாக்கினுடையது, எவ்வளவு கூரைச் சட்டத்தை எடுத்ததனுடையது என்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலாது. கூரையை மட்டும் முதலில் அகற்றி ஓட்டியிருக்க வேண்டும். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஓட்டிய கையும் மாறிவிட்டது. மூன்று மாதங்களில் அந்தச் சிறுமி அதே பாறைகளில் ஏறக்குறைய நூறு முறை ஓட்டியிருக்கிறாள். படியில் 2 என்பது 8 ஆனதில் ஒரு பகுதி அவளுடைய பயிற்சியின் பலன். சாய்பலகைக் கோணமும் மரப்பலகை அடுக்கின் உயரமும் ஓட்டுபவரைச் சார்ந்தவை அல்ல என்பதால், அவற்றையே நான் அதிகம் நம்புகிறேன்.

முதல் நாளிலேயே சுண்ணாம்பு பூசிப் பார்த்திருந்தால், கடையிலிருந்து வந்த 90 மில்லிமீட்டர் ஷாக்குகளை வைத்துக்கொண்டே, திருகுகளை மட்டும் மாற்றி, மிருதுவான ஸ்பிரிங் போட்டுப் பெரும்பகுதிப் பயனை அடைந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. தந்தை பார்த்த கீறல்கள் உயரக் குறைவைச் சொல்லவில்லை. துருத்திய திருகுகளைச் சொன்னவை.

இப்போது வண்டி 72 மில்லிமீட்டர் வயிற்று உயரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. போர்ட்டல் ஆக்சில் வாங்குவதைத் தந்தை தள்ளிவைத்திருக்கிறார். பழைய 110 மில்லிமீட்டர் ஷாக்குகளும் கடினமான ஸ்பிரிங்குகளும் பெட்டியில் பத்திரமாக உள்ளன. குளிர்காலம் முடிந்ததும் அவற்றை ஒரு காலைக்கு மட்டும் திரும்பப் பொருத்தி, இப்போது கைதேர்ந்துவிட்ட மகளை அதே மூன்று தடங்களில் பத்துப் பத்து முறை ஓட்டச் செய்வதாக இருக்கிறோம். முதல் நாள் எண்களில் எவ்வளவு வண்டியினுடையவை, எவ்வளவு அவளுடையவை என்பது அன்று தெரியும்.